எந்தப் புத்தகத்திலும் இல்லாத எமகண்டம்

மதினியின் சாவுக்கு அண்ணன் படித்த புத்தகங்கள்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். அப்பா அதை வாய்விட்டுச் சொன்னார். அம்மா சொல்லவில்லை; ஆனால் அண்ணனின் புத்தக அலமாரியைத் துடைப்பதை நிறுத்திக்கொண்டாள். எங்களுக்கு முந்தைய தலைமுறை முழுவதும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அண்ணன். சமயநல்லூரை அடுத்த ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தார். மதினி இறக்கும்வரை அந்தப் படிப்பு எங்கள் வீட்டின் பெருமையாக இருந்தது. அதன்பிறகு அது ஒரு குற்றத்தின் பெயரானது.

மதினி தாயில்லாத பெண். ஆகவே தலைப்பிரசவத்தையும் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் வலி கண்டது. எமகண்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒன்றரை மணிவரை பொறுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று அப்பா வாசலை மறித்து நின்றார். "வயித்துல இருக்குற புள்ள காலண்டர் பாத்துக்கிட்டா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் மதினியைத் தூக்கிவந்து வேனில் ஏற்றினார். நான் அப்போது வெளியூரில் செவிலியர் பயிற்சியில் இருந்தேன். அந்த வாக்கியத்தை அப்பாவிடமும் கேட்டிருக்கிறேன், அண்ணனிடமும் கேட்டிருக்கிறேன். இருவரும் ஒரு சொல் மாறாமல் சொன்னார்கள்.

குழந்தை அழவே இல்லை. மதினிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. பொழுது அடையுமுன் இரண்டு உயிரும் போய்விட்டன.

"அம்புட்டுப் படிப்பும் எதுக்கு? எம் மருமகள வெரசாக் கொண்டுபோயி எமங்கிட்ட விடுறதுக்கா?" என்று பந்தலில் வைத்து அப்பா கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

என் தொழிலில், தாமதமாக வந்ததால் இறந்தவர்களைப் பற்றித்தான் பேசுவோம். சீக்கிரம் கிளம்பியதால் ஒருத்தி இறந்தாள் என்ற வழக்கை எங்கள் வீட்டில்தான் கேட்டேன். அதை மறுப்பது எளிது என்று இளமையில் நினைத்தேன். சில முறை மறுத்தும் பார்த்தேன். அப்பா கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் என்னைக் கலங்கடித்தது அப்பா அல்ல. கிரகணம் ஏன் வருகிறது என்பதை ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் விளக்கையும் வைத்துப் பிள்ளைகளுக்கு நடத்திய அண்ணன், காலையில் எழுந்ததும் நாள்காட்டியின் முன் போய் நிற்கத் தொடங்கினார்.

மதினி எங்கள் வீட்டுக்குப் பேயாக வரவில்லை. ஒரு நேரமாக வந்தார். ஒவ்வொரு நாளும் எமகண்டத்துக்குரிய ஒன்றரை மணி நேரம் வரும்போது, அண்ணன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். குளிக்க மாட்டார், தண்ணீர் கேட்க மாட்டார், வாசற்படியைத் தாண்ட மாட்டார். பள்ளியில் மட்டும் வேறுவழியின்றி வகுப்பெடுத்தார்; அந்த நேரத்துப் பாடங்களில் அவர் குரல் இறங்கிவிடும் என்று அவரிடம் படித்த ஒரு பெண், பின்னாளில் என்னிடம் தற்செயலாகச் சொன்னாள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. நான் மணம் செய்துகொள்ளவே இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் நாங்கள் இருவரும் விளாங்குடிக்குக் குடிவந்தோம். திண்டுக்கல் சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நான் மூத்த செவிலியர். வீட்டுக்கும் அதற்கும் ஆட்டோவில் சில நிமிடங்கள்.

அவ்வளவு அருகில் இருந்தும் எனக்கு அச்சம் இருந்தது. பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டே அண்ணனுக்கு இதயக்கோளாறு என்று தெரியவந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே காட்டினோம்.

"மாத்திரைய விடாம சாப்பிடுங்க. ஆனா நெஞ்சு வலின்னு வந்தா உடனே கெளம்பி வந்துரணும். தள்ளிப்போடவே கூடாது" என்றார் மருத்துவர்.

"எந்த நேரமா இருந்தாலுமா சார்?" என்று அண்ணன் கேட்டார்.

"நடுராத்திரியா இருந்தாலும் வாங்க சார். டூட்டி டாக்டர் இருப்பாங்க."

அண்ணன் தலையாட்டினார். அவர் கேட்டது நடுராத்திரியைப் பற்றி அல்ல என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்தது.

இந்த அச்சத்தோடு நான் இருந்த காலத்தில்தான் தலைமை மருத்துவர் என்னை அழைத்து, தர மேம்பாட்டுப் பொறுப்பை ஒப்படைத்தார். மருத்துவமனைக்கு அங்கீகாரம் பெறவேண்டும். அதற்கு ஊழியர்கள் எல்லாரும் குறைகளைக் கண்டு திருத்தும் முறைகளைப் படிக்கவேண்டும். "நெட்ல ஆளுக்கொண்ணு சொல்றான் சிஸ்டர். ஒரே ஒரு புக்கு செலக்ட் பண்ணுங்க. எல்லா வார்டும் அதையே படிக்கட்டும். நீங்கதான் நெறையப் படிக்கிற ஆளாச்சே" என்றார். முதல் வேலையையும் அவரே சொன்னார்: குணமானவர்கள் வீட்டுக்குக் கிளம்பத் தாமதமாகிறது, படுக்கை கிடைக்காமல் புதிதாக வருபவர்கள் கீழே காத்திருக்கிறார்கள், அதைச் சரிசெய்ய வேண்டும்.

சிம்மக்கல் பக்கம், குறுகிய படிக்கட்டு ஏறிப் போகும் ஒரு புத்தகக் கடை உண்டு. மருத்துவப் புத்தகங்களும் பொறியியல் புத்தகங்களும் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

"தர மேம்பாடா? யக்கா, அதெல்லாம் மில்லுக்காரவுகல்ல கேப்பாக. ஆஸ்பத்திரில என்னத்தத் தயாரிக்கிறீக?"

"ஆளுகள வெரசா வீட்டுக்கு அனுப்பத்தான் கேக்குறேன்."

"அடப்பாவமே. உங்க பில்லக் காமிச்சாப் போதுமே, அவுகளே ஓடிருவாக" என்றவர், ஏணியில் ஏறி நான்கு புத்தகங்களை இறக்கிக் கொடுத்தார். "நாலையும் கொண்டுபோங்க. ஒண்ண வச்சுக்கிட்டு மூணத் திருப்பிக் குடுங்க. மடக்காமக் குடுங்க, அம்புட்டுத்தான்."

நான் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி போனபின் அவர் ஒரு புத்தகம் வாங்கியதில்லை. மேசைமேல் நான் அடுக்கியதைப் பார்த்து, தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். "யாருக்கு இம்புட்டும்?" என்றார். சொன்னேன். "தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கிற புஸ்தகமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கைகழுவ எழுந்து போனார்.

ஒரு துணைநூலைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அகராதி வாங்கும்போது, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை அதில் தேடிப்பார்க்க வேண்டும். தெரியாத சொல்லுக்கு அது என்ன சொன்னாலும் நாம் ஒப்புக்கொள்வோம். தெரிந்த சொல்லில்தான் அதன் நேர்மை வெளிப்படும். இந்த நான்கு நூல்களையும் நான் அப்படித்தான் சோதித்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தமிழில் இருந்த நூலை விரைவிலேயே மூடிவிட்டேன். அதன் கலைச்சொற்களை வார்டில் யாராலும் மூச்சுவிடாமல் உச்சரிக்க முடியாது. தொழிற்சாலைக்கான நூல் நல்ல நூல்தான். ஆனால் திருகாணியும் நூற்கண்டும் வலியில் கத்துவதில்லை. மிஞ்சியவை இரண்டு. ஒன்று மெல்லியது, வண்ணப்படங்கள் நிறைந்தது, எளிய ஆங்கிலம். மற்றொன்று தடித்தது, சிறிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் கோடும் புள்ளியுமாக இருந்தது. மெல்லிய நூலை முதல் பார்வையிலேயே எல்லாருக்கும் பிடித்துவிடும் என்று தெரிந்தது. அதன் உயிர்நாடி ஒரு பயிற்சி: ஒரு தவறு நடந்தால் ஏன் என்று கேள், வந்த பதிலுக்கும் ஏன் என்று கேள், அப்படி ஐந்து முறை கேட்டால் வேர் கிடைக்கும்.

மறுநாள் மதிய உணவுக்குப் பின் செவிலியர்களைக் கூட்டி அதைச் செய்துபார்த்தோம். டிஸ்சார்ஜ் ஏன் தாமதம்? பில் வர நேரமாகிறது. ஏன்? மிச்ச மருந்தைத் திருப்பியனுப்பிக் கணக்கு முடிய வேண்டும். ஏன் முடியவில்லை? மருந்து ஃபார்மசிக்குப் போய்ச் சேரவில்லை. ஏன்? எடுத்துப்போக ஆயாம்மா இல்லை. ஏன் இல்லை? டீக்கடைக்குப் போய்விட்டார்.

"கண்டுபிடிச்சாச்சு!" என்று எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஆயாம்மா கையில் ஃபிளாஸ்கோடு உள்ளே வந்தார். என்ன பேச்சு என்று ஒருத்தி சொல்லிவிட்டாள்.

"நல்லாருக்குடியம்மா நியாயம். உங்களுக்கு டீ வாங்கத்தானடி போனேன்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு, காரணங்களை முட்களாக வைத்துப் பலகையில் நான் வரைந்திருந்த மீன்முள் படத்தைப் பார்த்தபடி, பிரசவ வார்டுச் செவிலி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இந்த மீனுல எல்லாத்துக்கும் ஒரு முள்ளு போட்டுருக்கீக. ஆளு, மருந்து, மிஷினு, பணம். எமகண்டத்துக்கு ஒரு முள்ளு எங்க? செவ்வாக்கெழம எவளாச்சும் பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வீட்டுக்குப் போவாளா? பில்லு ரெடியானாலும் ராகு காலம் முடியாம கட்டில விட்டு எறங்க மாட்டாக. இது எந்தப் புஸ்தகத்துல போட்டுருக்கு?"

எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. எல்லாரும் அவளை ஆமோதித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்தபடி நின்றேன். ஏன், ஏன் என்று இறங்கிய அந்த ஏணி எங்கே கொண்டுவிடுகிறது என்பதை நான் முன்பே கண்டிருந்தேன். முதல்நாள் மாலையே மதினியை அதில் இறக்கிப் பார்த்திருந்தேன். மதினி ஏன் இறந்தார்? உதிரப்போக்கு. ஏன் நிறுத்த முடியவில்லை? அப்பா எந்த நூலையும் படிக்காமல் கேட்டதும் அதே ஏணியின் கேள்விகள்தான். ஒவ்வொரு ஏனுக்கும் ஒரே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு இறங்கினால், அடியில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். கையில் ஃபிளாஸ்கோ, வேன் கதவோ பிடித்தபடி.

தடித்த நூலை அதன்பிறகுதான் முழுமையாகப் படித்தேன். விடியற்காலை எழுந்து, அண்ணன் நாள்காட்டியிடம் வருமுன் சில பக்கங்கள். புரியாத இடங்களைத் திரும்பப் படித்தேன். அதன் நடுவில் ஓர் அதிகாரம், ஒரு புள்ளியைப் பற்றியது. ஒரு நாளில், ஒருவருக்கு, ஒருமுறை நடந்தது ஒரு புள்ளி. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டால் வரும் பதில் கேட்பவரின் பதிலாகவே இருக்கும். பல நாட்களின் புள்ளிகளை வரிசையாக வைத்தால்தான், இது வழக்கத்துக்கு மாறானதா அல்லது நாம் அமைத்துவைத்திருக்கும் வழக்கமே அவ்வப்போது இப்படியும் விளையுமா என்று தெரியும். இவ்வளவுதான் சாரம். அந்த நூல் மதினியின் சாவுக்குக் காரணம் எதையும் தரவில்லை. தரமுடியாது என்று சொன்னது. நான் தேடிப்பார்த்த சொல்லுக்கு நேர்மையாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

"தலகாணி சைஸ்ல இருக்கே சிஸ்டர். இதையா படிப்பாங்க?" என்றார் தலைமை மருத்துவர்.

"நான் தினம் ஒரு பக்கம் தமிழ்ல சொல்றேன் சார். அந்தச் சின்ன புக்கு, கூட்டத்துக்கு ஒரு ஆளப் பழிபோடப் புடிச்சுக் குடுக்குது. அதுக்குப் பழகிட்டா அப்புறம் யாரும் நம்மகிட்ட எதையும் சொல்ல மாட்டாங்க."

அவர் ஒத்துக்கொண்டார். மூன்று புத்தகங்களும் மடங்காமல் சிம்மக்கல்லுக்குத் திரும்பின. டிஸ்சார்ஜ் நேரங்களைப் பல வாரங்கள் புள்ளிகளாக வைத்துப் பார்த்தோம். செவ்வாயும் வெள்ளியும் தனித்துத் தெரிந்தன. வழக்கத்தோடு மல்லுக்கட்டாமல், முதல்நாளே ஒவ்வொரு குடும்பத்திடமும் எந்த நேரத்தில் கிளம்பப்போகிறீர்கள் என்று கேட்டு, அதற்கேற்பக் கணக்கை முடித்துவைக்கத் தொடங்கினோம். காத்திருப்பு குறைந்தது. வேலையைப் பொறுத்தவரை அந்த நூல் சரியான தேர்வுதான்.

ஆனால் அந்தத் தேர்வில் வேலைக்கு அப்பாற்பட்ட ஓர் எண்ணம் எனக்கு இருந்தது. நான் சொல்லி அண்ணன் கேட்டதில்லை. ஒரு புத்தகம் சொன்னால் அவருக்குள் இருக்கும் ஆசிரியர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டால், வலி வருகிற அன்று நாள்காட்டியைப் பார்க்காமல் கிளம்பிவிடுவார். ஒரு விடுமுறை நாளில் அந்த அதிகாரத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன்.

அவர் மாலைவரை படித்தார். பழைய வழக்கப்படி விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே படித்தார். அத்தனை ஆண்டுகளுக்குப் பின் அவர் படிப்பதை நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன்.

"பாப்பா," என்றார். இந்த வயதிலும் என்னை அப்படித்தான் அழைப்பார். "இதுபடி பாத்தா, நான் கெளம்புனது தப்பில்ல."

"தப்பில்லண்ணே."

"நின்னுருந்தா?"

"அதுவும் தெரியாதுண்ணே. பொழச்சுருக்கலாம், பொழைக்காமயும் இருந்துருக்கலாம்."

"அப்ப அவ எதுக்குச் செத்தா?"

நான் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தேன்.

"எனக்குன்னு ஒரு காரணம் இருந்துச்சு. அத வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ அதையும் வாங்கிக்கிட்டு வெறுங்கையோட விடுற" என்றார். குரலில் கோபம் இல்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார். மறுநாள் காலை வழக்கம்போல நாள்காட்டியின் முன் நின்றார். அவரிடம் நான் எதைக் கேட்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தை அவர் விட்டுவிட்டால், மதினி வந்து இருப்பதற்கு அந்த வீட்டில் இடமில்லை.

வலி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு அன்று காலைப்பணி, வீடு திரும்பியிருந்தேன். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தார், சட்டை நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு எமகண்டம் நாலரை வரை. இருவருக்கும் தெரியும்.

"நாலரைக்குப் போவோம்" என்றார்.

புள்ளியைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ அப்போது நான் பேசவில்லை. ஓர் ஆட்டோவைப் பிடித்து வாசலில் நிறுத்திவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தேன். "அண்ணே, இந்தத் தடவ நான் கூட்டிட்டுப் போறேன். பழி வந்தா எனக்கு வரட்டும்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது. சில நொடிகளாகத்தான் இருக்கும். பிறகு எழுந்தார். எனக்காக எழுந்தாரா, வாதாட மூச்சு இல்லாமல் எழுந்தாரா என்று நான் பிறகும் கேட்கவில்லை. திண்டுக்கல் சாலையில் ஆட்டோ திரும்பியபோது அவர் கண்களை மூடிக்கொண்டு, "மெதுவாப் போகச் சொல்லு, அவளுக்கு அலுங்கும்" என்றார். பின்னிருக்கையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். நான் ஓட்டுநரின் தோளைத் தட்டி, விரைந்து போகச் சொன்னேன்.

உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். அந்த வாக்கியத்தை அண்ணனின் காதில் விழும்படி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

ஊரிலிருந்து பார்க்கவந்த சித்தப்பா, ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு உரக்கப் பேசினார். "என்னடா வாத்தியாரே! எமகண்டத்துலதான் வந்தியாம், கல்லுக்குண்டாட்டம் உக்காந்துருக்க? உங்கப்பன் இருந்துருந்தா என்னா சொல்லிருப்பான்?" அண்ணன் அவருக்குச் சிரிப்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

வீட்டுக்குப் போவதற்கு முதல்நாள், ஒரு செவிலி அட்டையோடு வந்தாள். என்னிடம் பயின்றவள். "சார், நாளைக்கு எந்த நேரம் கெளம்புறீங்க? சொன்னா பில்ல ரெடி பண்ணி வச்சுருவோம்."

"ராகு காலம் முடியட்டும்மா" என்றார் அண்ணன்.

அவள் குறித்துக்கொண்டு போனாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, அன்னைக்கு வந்ததாலதான பொழச்சீங்க."

"ஒரு புள்ளிதான பாப்பா" என்றார். "அத வச்சு ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு உம் புஸ்தகந்தான் சொல்லுது. அவ போனத வச்சுச் சொல்லக்கூடாதுன்னா, நான் இருக்கறத வச்சும் சொல்லக்கூடாதுல்ல?"

அவர் சரியாகப் படித்திருந்தார். அந்த அதிகாரத்தை மருத்துவமனையில் அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. மறுநாள் அவர் குறித்த நேரத்தில், அவர் கையைப் பிடித்து நான்தான் படியிறக்கினேன்.

மதினியை வேனில் ஏற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றவர்களில் இன்று அப்பா இல்லை, அம்மா இல்லை. வேன் ஓட்டியவரும் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அண்ணன் இருக்கிறார். அவரோடு நான் இருக்கிறேன்.